கப்பலுக்கும் ஆம்பூர் பூட்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

ஆம்பூரில் கடல் இல்லை. பாலாறு உண்டு, அதிலும் பெரும்பாலான நாட்களில் மணல்தான்! அந்த ஊருக்கும் மூழ்கிய கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது.

பச்சைத் தோலை உப்புப் போடாமல் விட்டால் என்ன ஆகும்? வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் சிறு பிள்ளையும் சொல்லும். அழுகும், காய்ந்தால் சுருங்கி விறைத்துப் போகும். கப்பல் மரமும் கிட்டத்தட்ட அப்படித்தான். பல நூறு ஆண்டுகள் சேற்றில் கிடந்த மரத்துக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும். அந்தத் தண்ணீர்தான் மரத்தைத் தாங்கி நிற்கிறது. வெயில் பட்டால் மரம் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். பிறகு எந்தப் பலகை எங்கே இருந்தது என்பது கடவுளுக்கே வெளிச்சம்!

ஆகவே, ஈரம் காயுமுன் அளவெடுத்துவிட வேண்டும்.

ஆற்றங்கரையில் கப்பல்!

வேல்ஸ் நாட்டில் நியூபோர்ட் என்று ஓர் ஊர். 2002-ம் ஆண்டு அங்கே ஆற்றங்கரையில் கலையரங்கம் கட்டப் பள்ளம் தோண்டினார்கள். உள்ளே ஒரு சரக்குக் கப்பல் கிடந்தது! 15-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நீளம் சுமார் 30 மீட்டர். அடிமரத்தில் 1447-ல் அச்சிட்ட பிரெஞ்சு வெள்ளிக்காசு ஒன்று பதித்திருந்தது. கப்பலைக் காப்பாற்றும்படி ஊர் மக்கள் கிளர்ச்சி செய்தார்கள். அரசு பணம் ஒதுக்கியது.

கப்பலைத் துண்டு துண்டாகக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிகளில் போட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அளந்தார்கள். நாடாவால் அல்ல! பேனா போன்ற முனையுடைய ஓர் இயந்திரக் கை. மரத்தின் ஓரத்திலும் ஆணித் துளையிலும் அந்த முனையை நகர்த்தினால், மரத்தின் உருவம் அப்படியே கம்ப்யூட்டரில் விழும். 1,700-க்கு மேற்பட்ட மரங்கள்! அந்த அளவுகளைக் கொண்டு, பத்தில் ஒரு பங்கு அளவில் சின்னத் துண்டுகள் செய்தார்கள். துளையோடு துளை சேர்த்துப் பொருத்தியபோது கப்பலின் வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. கிடைக்காத பகுதிகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து நிரப்பினார்கள்.

இந்த வேலை ஆம்பூருக்கு முற்றிலும் புதிதா? பூட்ஸ் கம்பெனிகளில் கால் அச்சின் வளைவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தட்டையான தோல் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். கப்பல் வேலை அதன் தலைகீழ். துண்டிலிருந்து உருவத்துக்குப் போக வேண்டும். கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் இந்தப் பிள்ளைகள் செய்யமாட்டார்களா?

நம் கரையில்

கேரளத்தில் சேர்த்தலை அருகே தைக்கல் என்னும் இடத்தில், அதே 2002-ல், இடைக்காலப் படகு ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. நீளம் 18 மீட்டருக்கு மேல். அயினி மரத்தில் செய்தது. சோழர் கடல் கடந்த பெருமையை மேடைதோறும் பேசுகிறார்கள். அவர்கள் கப்பலின் உடல் எப்படி இருந்தது என்று கேட்டால் பதில் இல்லை!

நாளைக்கே ஒரு பழைய மரம் மீனவர் வலையில் சிக்கலாம். அதை மணலில் இழுத்துப் போட்டுக் காயவிடக் கூடாது. ஈரச் சாக்குப் போட்டு மூடி, தாசில்தாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். தொல்லியல் துறையினர் அறிஞர்களை அழைக்கும்போது, ஆம்பூர் பூட்ஸ் கம்பெனியில் படம் போடும் இரண்டு பேரையும் சேர்த்து அழைக்கட்டும். மீனவர் கூட்டங்களில் டீசல் மானியம் பற்றிப் பேசும் அதிகாரிகள் ஈரச் சாக்கைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லலாம். செலவு ஒன்றுமில்லை.