பூட்டப்பட்ட ஏடுகள்

மக்களின் வாயை அடைத்துவிட்டால் நாடு அமைதியுறும் என்று எண்ணும் ஆட்சியாளர் எக்காலத்திலும் உண்டு. அவ்வெண்ணத்தின் விளைவைக் கத்தோலிக்க மக்கள் மிகுந்து வாழும் பிலிப்பைன்ஸ் நாட்டின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

1972 செப்டம்பரில் அதிபர் மார்க்கோஸ் நாடெங்கும் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். நாளிதழ்களும் வானொலி நிலையங்களும் மூடப்பட்டன; செய்தியாளர் பலர் சிறை புகுந்தனர். மாணவர் நடத்திய கல்லூரி ஏடுகளையும் அடக்குமுறை விட்டுவைக்கவில்லை.

மணிலா நகரக் கல்லூரி ஒன்றின் மாணவர் ஏட்டுக்குத் துணையாசிரியராய் விளங்கியவர் லிலியோசா ஹிலாவோ. மக்களாட்சி மாண்டுவிட்டதென எழுதிய அம்மாணவி 1973 ஏப்ரலில் கைது செய்யப்பட்டு, காவலிலேயே உயிர்நீத்தார். வயது 23. தற்கொலை என்றனர் அதிகாரிகள். உடலில் இருந்த காயங்களோ வேறு கதை கூறின. பட்டமளிப்பு விழாவில் அவருக்குரிய இருக்கை வெறுமையாக விடப்பட்டது.

பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக மாணவர் இதழின் ஆசிரியரான ஆபிரகாம் சார்மியெந்தோ, எழுதிய குற்றத்திற்காக 1976-இல் ஏழு மாதங்களுக்கு மேல் சிறையிருந்தார். ஆஸ்துமா நோயாளியான அவரது உடல்நலம் அங்குக் குலைந்தது. 1977-இல் தம் 27-ஆம் வயதில் இறந்தார்.

அதே இதழுக்கு முன்னர் ஆசிரியராயிருந்த அந்தோணியோ தாகமோலிலா வேறு வழி சென்றார். எழுத இடமில்லாமற் போகவே தலைமறைவாகிப் புரட்சிப் படையினருடன் சேர்ந்தார். 1974-இல் பனாய் தீவில் கொல்லப்பட்டார்.

துப்பாக்கி ஏந்திய வழியை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும், எழுதுகோல் பிடித்த கையில் துப்பாக்கி ஏறக் காரணம் யாது என்று வினவாமல் அவ்விளைஞரைப் பழிப்பது நீதியாகாது. பேசும் வழி அடைபடும்போது, பொறுமை குன்றிய இளம் உள்ளம் வன்முறையின் வாயிலைத் தட்டுகிறது.

1986 பிப்ரவரியில் கர்தினால் ஹைமே சின், வேரித்தாஸ் வானொலி வாயிலாக மக்களை வீதிக்கு அழைத்தார். செபமாலை ஏந்திய மக்கள் கவச வண்டிகளின் முன் நின்றனர். நான்கே நாட்களில் மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார். பேச்சை அடக்கி வளர்ந்த ஆட்சி, அடக்க முடியாத ஒரு குரலினால் வீழ்ந்தது.

பெற்றோரே, நம் இல்லங்களிலும் பிள்ளைகள் வினாக்கள் எழுப்புகின்றனர். சில நமக்குக் கசக்கும். 'வாயை மூடு' என்பது எளிது. செவிமடுத்துப் பதிலுரைப்பதே கடினம். கடினமான அதுவே அவர்களை நம்மோடு இருத்தும்.