கருவுற்ற தாய்க்கு வேண்டியது கீரையா, முத்திரையா?

கருவுற்ற பெண்கள் 'ஆர்கானிக்' காய்கறிகளையே உண்ணவேண்டும் என்று அறிவுரை கூறுவோர் பெருகிவிட்டனர். நம் மாணவர்களின் தாய்மார்கள் சிலரும் இதை நம்பி, விலைக்கு அஞ்சி, கீரை வாங்குவதையே குறைத்துக்கொள்கின்றனர். இதைத்தான் கண்டிக்கிறேன்.

இயற்கை வேளாண்மையோடு எனக்குப் பகையில்லை. அவ்விளைச்சலில் பூச்சிக்கொல்லி எச்சம் குறைவு என்பது உண்மையே. ஆயினும், 2012-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, அது சத்தில் மிகுந்தது என்பதற்கு வலுவான சான்று கிட்டவில்லை. மண்ணில் கலந்திருக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியோ முத்திரை பார்த்து ஒதுங்குவதில்லை. எந்தக் கீரையையும் ஓடும் நீரில் கழுவத்தான் வேண்டும்.

கருவின் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. எனவே, கருத்தரிக்க எண்ணும்போதே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளுமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த மலிவான மாத்திரையைப் பற்றி வாய்திறவாதோர், விலையுயர்ந்த முத்திரையைப் பற்றி முழங்குவது என்ன நியாயம்?

பெற்றோர்களே, வசதியுள்ளோர் ஆர்கானிக் வாங்குங்கள், தடையில்லை. ஏனையோர் இரவுச் சந்தைக் கீரையை நன்கு கழுவிச் சமைத்து, வயிறார உண்ணுங்கள். காய்கறியோடு அச்சத்தையும் சேர்த்து விற்போரிடம் ஏமாறவேண்டா!