ரப்பர் வெடித்ததற்கு வண்டியை விற்பதா?



சிக்னலில் நிற்கும்போது பழைய கார் நடுங்குகிறது, கிளச்சை விட்டால் 'டொக்' என்கிறது என்றதும், "இன்ஜின் போச்சு சார், வித்துடுங்க" என்கிறீர்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலில் இன்ஜின் மவுண்டைப் பாருங்கள்.

இன்ஜின் சக்கரத்தை ஒரு பக்கம் சுழற்றும்போது, தான் எதிர்ப்பக்கம் திமிறும். அதைப் பிடித்து நிறுத்துவது இரும்போடு ஒட்டிய அந்த ரப்பர்தான். சூட்டிலும் எண்ணெய்க் கசிவிலும் அது வெடித்துவிடும். மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர். இயல்பிலேயே அதிர்வு அதிகம். மவுண்டும் போனால் கேட்கவே வேண்டாம்.

வீட்டிலேயே மாற்றலாம். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஆயில் சம்ப்புக்கு அடியில் அகலப் பலகை வைத்து, பாரம் தாங்கும் அளவுக்கு மட்டும் ஜாக்கியை ஏற்றுங்கள். பலகை இல்லாவிட்டால் சம்ப் நசுங்கும். ஒவ்வொரு மவுண்டாகக் கழற்றுங்கள். போல்ட்டுகளையெல்லாம் கையால் கோத்த பிறகே இறுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம்.

நியூட்டனின் மூன்றாம் விதியைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கினீர்களே, வாசலில் நிற்கும் வண்டியில் அது தெரியவில்லையா? ஸ்பானர் பிடித்தால் படித்த படிப்புக்கு இழுக்கா? கையில் கறை படியாத படிப்பு அரைப் படிப்புதான்.