'அவர்' என்றால் எவர்?



சிவகாசிப் பகுதியைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர், பட்டாசுத் தொழிலாளர் வாழ்க்கை பற்றித் தாம் எழுதிய ஆய்வேட்டின் கைப்பிரதியைச் சென்ற மாதம் என்னிடம் தந்து, பிழை திருத்தித் தருமாறு வேண்டினார். எழுத்துப் பிழைகள் மிகுதியாக இல்லை. ஆயினும் ஒரு வாக்கியத்தில் என் பேனா நின்றுவிட்டது.

"மேற்பார்வையாளர் தொழிலாளரிடம், அவர் கலந்த மருந்தே தீப்பிடிக்கக் காரணம் என்று கூறினார்."

இங்கே 'அவர்' என்பவர் எவர்? கேட்டேன். மேற்பார்வையாளர் தம் தவற்றையே ஒப்புக்கொண்டாராம்! அப்படியாயின், 'தாம் கலந்த மருந்தே' என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? 'தான்', 'தாம்' என்பவை வாக்கியத்தின் எழுவாயையே திரும்பச் சுட்டுவன. 'அவர்' என்றதும் படிப்பவர் மனம் தொழிலாளரிடம் சென்றுவிடுகிறது. ஒரு சொல் மாறியதால், குற்றமற்றவர் மீது பழி விழுந்துவிட்டது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள், முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த வட்டாரம் இது. இங்கே 'யார் பொறுப்பு?' என்பது வெறும் இலக்கணக் கேள்வியன்று.

மதரஸாவில் அரபு இலக்கணம் கற்பிக்கும்போது, பெயருக்குப் பதிலாக நிற்கும் 'ளமீர்' வரும் இடத்திலெல்லாம், "இதன் மர்ஜிஃ எது?" என்று மாணவரைக் கேட்பது எங்கள் வழக்கம். அந்தச் சொல் எந்தப் பெயரிடம் திரும்பிச் சேர்கிறது என்பதே அதன் பொருள். தமிழில் எழுதுவோரும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். விடை ஒன்றுக்கு மேற்பட்டால், தயங்காமல் பெயரையே மீண்டும் எழுதிவிடுங்கள்.

அடுத்தது, 'நாம்' என்பதும் 'நாங்கள்' என்பதும். அரபியின் 'நஹ்னு'வுக்கோ ஆங்கிலத்தின் 'வீ'க்கோ இல்லாத நுட்பம் இது. 'நாம்' கேட்பவரையும் உட்படுத்தும். 'நாங்கள்' அவரை விலக்கும். "நாம் நாற்பது தொழிலாளரைச் சந்தித்தோம்" என்று அம்மாணவி எழுதியிருந்தார். படிப்பவர் அவருடன் சென்றாரா? இல்லை. தனியே சென்றவர் 'நான்' என்றோ 'ஆய்வாளர்' என்றோ எழுதலாம். துறையின் வழக்கமறிந்து ஒன்றைத் தேர்ந்து, இறுதிவரை அதையே கையாள வேண்டும். "இவ்வட்டவணையில் நாம் காண்பது" என்பது பொருந்தும். அங்கே படிப்பவரும் உடன் காண்கிறார்.

மூன்றாவதே என்னை வருத்தியது. ஆலை உரிமையாளர் வருமிடமெல்லாம் 'அவர்'. தொழிலாளி வருமிடமெல்லாம் 'அவன்'! இத்தொழிலில் பெண்கள் பெருந்திரளாக உழைக்கும்போது, 'அவன்' என்பது பொருளாலும் பிழை, மரியாதையாலும் பிழை. 'அவர்' ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவதே ஆய்வின் நேர்மை.

இதைச் சொன்னபோது அம்மாணவி சிறிது நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "என் தாயாரும் பட்டாசுக்குத் திரி வைப்பவர்தாம், உஸ்தாத்!"

ஆய்வேட்டை வாங்கிச் சென்றவர், மறுவாரம் முழுவதையும் புதிதாக எழுதிக் கொண்டுவந்தார். உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் எழுதும் ஏட்டையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு 'அவர்' மீதும் விரல் வைத்து, "இவர் எவர்?" என்று கேளுங்கள்.

வஸ்ஸலாம்.