மதர்போட் மாற்றினால் போர்மட் எதற்கு?

மதர்போட் எரிந்த கணினியொன்று கடைக்கு வந்தால், எங்கள் பற்றுச்சீட்டில் அநேகமாக இரண்டு வரிகள் விழுகின்றன. ஒன்று மதர்போட்டின் விலை. மற்றது விண்டோஸ் அடித்த கூலி. இரண்டையும் பிரித்து யோசிக்கும் வழக்கமே எங்கள் தொழிலில் இல்லாமல் போய்விட்டது. பலகை மாறினால் போர்மட் அடித்தே ஆக வேண்டும் என்று பழகுநருக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் கணினிக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. தேவையில்லாத வேலை மட்டுமல்ல, வாடிக்கையாளருக்கு நட்டமான வேலை.

இந்தப் பழக்கம் சோம்பலால் வந்ததல்ல. 2001இல் வந்த எக்ஸ்பி, நிறுவப்படும் நேரத்தில் கண்ட வன்தட்டுக் கட்டுப்படுத்தியின் ட்ரைவரை மட்டுமே தொடக்கத்தில் ஏற்றும். வேறு சிப்செட் உள்ள பலகையில் அதே வன்தட்டைக் கொளுவினால், தன் சொந்த வட்டையே படிக்க முடியாமல் ‘செவன் பி’ நீலத் திரையில் நின்றுவிடும். ஒற்றைப் புரொசசருக்கும் பல புரொசசருக்கும் அதன் அடித்தளம் வேறு வேறு. இன்டெல்லில் இருந்து ஏஎம்டிக்கு மாறினால் இன்டெல்லின் மின்மேலாண்மை ட்ரைவர் தனியாக இடறும். சீடியைப் போட்டு ‘ரிப்பேர்’ அடிக்க வழி இருந்ததுதான். ஆனால் 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் சாமான் கப்பலில் வந்த காலத்தில், எரிந்ததற்கு ஒத்த சிப்செட்டுக்காக யார் காத்திருப்பது? கிடைத்த பலகையைப் பூட்டி, போர்மட் அடித்து, கணினியை ஓட விட்டவர் கெட்டிக்காரர். அவரிடம் தொழில் படித்தவர்கள்தான் இன்று கடை வைத்திருக்கிறார்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8உடன் முடிந்தது. அது தந்த பழக்கம் முடியவில்லை.

விண்டோஸ் 7 பாதி வழி வந்தது. ஐடிஈ முறையில் நிறுவியிருந்தால் ஏஎச்சிஐ ட்ரைவர் உறங்கிக் கிடக்கும். ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை மாற்றினால் எழும்பிவிடும். விண்டோஸ் 8.1இலிருந்து கதை வேறு. சாட்டாவுக்கும் என்விஎம்ஈக்கும் உரிய பொது ட்ரைவர்கள் அதற்குள்ளேயே உண்டு. பலகை மாறியதை அது தானே கண்டுகொண்டு, சாதனங்களைத் தயார் செய்வதாகத் திரையில் சொல்லி, ஓரிரு தடவை தானாக மறுதொடக்கமாகி, பின் வழமையான மேசைத்திரையைக் காட்டும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து ரீசெட்டை அமத்துவதுதான் பல இடங்களில் ‘விண்டோஸ் அடிபட்டுப் போச்சு’ என்ற முடிவுக்குக் காரணம். எழும்ப மறுத்தால், மீட்புத் திரைக்குப் போய் ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றிப் பாருங்கள். ஒதுக்கி வைத்திருந்த வட்டு ட்ரைவர்களையும் அப்போது அது எடுத்துப் பார்க்கும். அடுத்த தடவை பெரும்பாலும் சாதாரணமாகவே எழும்பிவிடும்.

போர்மட்டால் என்ன போகிறது என்பதை எங்கள் ஊர்க் கணினிகளை வைத்தே பார்க்க வேண்டும். ஒரு கொமினிகேசன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பேஜ்மேக்கர் இன்றும் ஓடுகிறது. அடோபி 2004இல் கைவிட்ட மென்பொருள் அது. நிறுவிய சீடி எங்கே என்று உரிமையாளருக்கே தெரியாது. பாமினி எழுத்துருவில் அடித்த பல வருடக் கோப்புகள் உண்டு. பாமினி யுனிகோட் அல்ல. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். அதே பெயரில் சுற்றும் வேறொரு பதிப்பைப் போட்டால் சில எழுத்துகள் இடம் மாறி, பக்கம் கலைந்து போகும். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிடக் கொடுத்தவர் முப்பத்தோராம் நாளைத் தள்ளிப்போட மாட்டார். ‘டேட்டா எல்லாம் பக்கப் எடுத்தனாங்கள் அண்ணை’ என்று நாம் சொல்லும்போது, டொக்கியூமென்ட்ஸையும் டெஸ்க்டொப்பையும் மட்டும்தான் எடுத்திருக்கிறோம். எழுத்துருக் கோப்புறை, பிரிண்டரின் வர்ண அமைப்பு, சி ட்ரைவின் மறைந்த கோப்புறைக்குள் இருந்த கணக்கு மென்பொருளின் தரவுத்தளம், பிரவுசர் நினைவில் வைத்திருந்த கடவுச்சொற்கள் எல்லாம் போய்விடும். அது வாடிக்கையாளருக்குத் தெரியவரும்போது ஒரு கிழமை கழிந்திருக்கும்.

ஆகவே வட்டைத் தொட முன் முழுப் பிரதி ஒன்று. குளோன்சில்லா இலவசம். பழைய வட்டின் ஸ்மார்ட் அறிக்கை கெட்டிருந்தால் அந்தப் பிரதியே கணினியின் புதிய வட்டாகவும் ஆகட்டும்.

இன்றைய நிலையில் வேலையைத் தடுக்கக்கூடியவை வேறு. அவற்றில் மிக ஆபத்தானதைப் பற்றி எங்கள் கடைகளில் கதைப்பதே இல்லை: குறியாக்கம்.

மடிக்கணினியிலும் புதிய மேசைக் கணினியிலும் வட்டைப் பூட்டும் சாவி டிபிஎம்மில் இருக்கிறது. டிபிஎம் இருப்பது மதர்போட்டில், அல்லது புரொசசருக்குள். பலகையை மாற்றினால் அது வேறு டிபிஎம். விண்டோஸ் எழும்பும் முன்னரே பிட்லொக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் அந்த வட்டில் உள்ளதை யாராலும் எடுக்க முடியாது. போர்மட் அடித்தால் வட்டு கிடைக்கும், படங்கள் கிடைக்காது. 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பு உட்படப் பெருவாரியான கணினிகளில் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. பாவனையாளருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

சாவி அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். யாருடைய கணக்கில்? இங்கேதான் எங்கள் மேல் குற்றம். கணினியை விற்கும்போது நிறுவலை விரைவாக முடிக்கவென்று கடையிலேயே ஒரு மின்னஞ்சலை உருவாக்கி, அதன் கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதி, துண்டையும் தொலைத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. இரண்டு வருடம் கழித்து மதர்போட் எரியும்போது, ஒரு குடும்பத்தின் படங்களும் ஒரு மாணவியின் பல்கலைக்கழக ஆய்வும் யாருக்கும் நினைவில்லாத அந்த மின்னஞ்சலுக்குள் பூட்டுண்டு கிடக்கும். வாடிக்கையாளரின் சொந்தக் கணக்கிலேயே நிறுவ வேண்டும், மீட்புச் சாவியை அச்சிட்டு உத்தரவாத அட்டையோடு கொடுக்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு தாள்.

பலகை இன்னும் உயிரோடு இருக்கும்போதே, தரமுயர்த்தவென்று மாற்றுகிறீர்கள் என்றால், கழற்ற முன் பிட்லொக்கரை இடைநிறுத்துங்கள். செத்த பலகையில் அதற்கு வழியில்லை. அதனால் ‘எந்த மின்னஞ்சலால் உள்ளே போறனீங்கள், பாஸ்வேர்ட் ஞாபகமோ?’ என்பதே கணினியை வாங்கும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி. பின் இலக்கமும் பலகையோடு போய்விடும் என்பதால் கணக்கின் கடவுச்சொல் எப்படியும் தேவைப்படும்.

அடுத்தது துவக்க முறை. பழைய எச்61, எச்81 பலகைகளில் எம்பிஆர் வட்டாக நிறுவிய விண்டோஸ்கள் இங்கே நிறைய. 2020க்குப் பின் வந்த இன்டெல் பலகைகள் பலவற்றில் உள்ளகக் கிராபிக்ஸோடு பழைய பயோஸ் முறை இயங்காது. வட்டு நன்றாக இருந்தும் துவக்கப் பட்டியலில் தெரியாது. இதற்கும் போர்மட் வேண்டாம். எம்பிஆரை ஜிபிடியாகத் தரவு போகாமல் மாற்றும் கருவியை மைக்ரோசொஃப்ட் 2017இலிருந்து விண்டோஸ் 10உடனேயே தருகிறது. பிரதி எடுத்த பின் அதை ஓட்டுங்கள். இன்டெல்லின் 11ஆம் தலைமுறையிலிருந்து விஎம்டி என்றொரு அமைப்பு பயோஸில் உண்டு. அது இயங்கும் நிலையில், பழைய பலகையிலிருந்து வந்த விண்டோஸுக்கு என்விஎம்ஈ வட்டு கண்ணில் படாது. நிறுத்திவிட்டுப் பாருங்கள். லான் ட்ரைவரை முன்கூட்டியே பென் ட்ரைவில் வைத்திருப்பதும் நல்லது, 2.5 ஜிகாபிட் லான் உள்ள புதிய பலகைகளைப் பழைய விண்டோஸ் 10 பதிப்புகள் அடையாளம் காண்பதில்லை. நிலையான ஐபி கொடுத்த கணினியில் அந்த முகவரி செத்த பலகையின் லான் அட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். டிவைஸ் மனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி அந்தப் பழைய அட்டையை நீக்கிவிடுங்கள்.

உபுண்டு ஓடும் கணினிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அநேகமாக அப்படியே எழும்பும். லானின் பெயர் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

உரிமத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விடயத்தை முடிப்பது நேர்மையல்ல. விண்டோஸ் 10, 11இன் டிஜிட்டல் உரிமம் முக்கியமாக மதர்போட்டை வைத்தே கணினியை அடையாளம் காண்கிறது. பெட்டியாக வாங்கிய சில்லறை உரிமத்தைப் புதிய பலகைக்குக் கொண்டுபோகலாம். கணக்கோடு முன்னரே இணைத்திருந்தால், 2016இல் வந்த 1607 பதிப்பிலிருந்து, வன்பொருளை மாற்றியதாக அறிவித்து மீண்டும் செயற்படுத்தும் வழியும் உண்டு. கணினியோடு வந்த ஓஈஎம் உரிமம் அந்தப் பலகையோடு முடிகிறது. உற்பத்தியாளர் உத்தரவாதத்தில் மாற்றித் தரும் பலகை மட்டும் விதிவிலக்கு. எங்கள் கடைகளில் பெரும்பாலானோர் செய்வது என்னவென்று எல்லோருக்கும் தெரியும்: கிராக். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது என்பது ஒரு பக்கம். அந்தக் கருவிகளோடு வேறு என்னென்ன உள்ளே வருகிறது என்பது அதைவிடப் பெரிய கவலை, ஏனென்றால் பிறகு அந்தக் கணினியில்தான் வாடிக்கையாளர் வங்கிக் கணக்கைத் திறக்கிறார். உரிமம் இல்லையென்றால் இல்லையென்று பற்றுச்சீட்டிலேயே எழுதுங்கள். முடிவு அவருடையது.

போர்மட்டே சரியான மருந்தாகும் இடங்களும் உண்டு. வைரஸ் புகுந்த கணினி, கோப்புகள் சிதைந்த வட்டு, புதிய பலகைக்கு வரும் 32 பிட் விண்டோஸ். விண்டோஸ் 7ஐ ஸ்கைலேக்குக்குப் பிந்திய பலகையில் ஏற்றினால் யூஎஸ்பி விசைப்பலகையும் மவுஸுமே வேலை செய்யாது. ட்ரைவரை வெளியிலிருந்து புகுத்தலாம் என்றாலும் அந்தப் பாடு பெரும்பாலும் வீண். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்துவிட்டதால், 11க்குத் தகுதியான பலகை தேடி வருவோர் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்கும் பழைய வட்டை முதலில் எழுப்பி, பின் அதன் மேலேயே 11க்கு உயர்த்துவதே எங்கள் பரிந்துரை.

2022இல் டொலர் சில வாரங்களில் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறிய பின், முழுக் கணினி வாங்க வசதியில்லாமல் பலகை மட்டும் மாற்றுவோர் பெருகினார்கள். அந்த வருடம் மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டது. வெட்டுக்குப் பின் மின்சாரம் திரும்பும் வேளையில் அடிபட்ட பவர் சப்ளைகள் எத்தனை என்பது திருத்தியவர்களுக்குத் தெரியும். பவர் சப்ளையை அளந்து பார்க்காமல் புதிய பலகையைப் பூட்டுவது, அதையும் எரியக் கொடுப்பதுதான். பருத்தித்துறை, காரைநகர் போன்ற கரையோரங்களிலிருந்து வரும் கணினிகளில் உப்புக் காற்று தின்ற இணைப்பிகளையும் கையோடு பாருங்கள்.

கூலியில்தான் சிக்கல் இருக்கிறது. போர்மட் அடித்தால் என்ன செய்தோம் என்று வாடிக்கையாளருக்கு விளங்கும், காசும் தருவார். வட்டை அப்படியே எழுப்பிக் கொடுத்தால் ‘ஒண்டும் செய்யேல்லையே தம்பி’ என்பார். பிரதி எடுத்தது, துவக்க முறை மாற்றியது, பழைய ட்ரைவர்களை நீக்கியது, உரிமத்தைச் சரிபார்த்தது ஆகியவற்றைத் தனித்தனி வரியாகப் பற்றுச்சீட்டில் போட்டு, விண்டோஸ் அடிக்கும் கூலிக்குக் குறையாமல் வாங்குங்கள். மாற்றிய ஒவ்வொரு தடவையும் பழைய சிப்செட், புதிய சிப்செட், விண்டோஸ் பதிப்பு, முதல் தடவையிலேயே எழும்பியதா, எழும்பாவிட்டால் எது தடுத்தது என்று குறித்து எமக்கு அனுப்புங்கள். வாடிக்கையாளரின் பெயர் வேண்டாம். வந்தவற்றை அடுத்த இதழில் அட்டவணையாகத் தருகிறோம்.