ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்காதீர்கள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கைப்பேசி ஓயாமல் ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. 10.10, 11.11, 12.12 என்று தேதிகளே மலிவு விற்பனைகளின் பெயர்களாகிவிட்டன. நவம்பர் 11ஆம் தேதியை 2009இல் விற்பனை நாளாக்கியது சீனாவின் அலிபாபா நிறுவனம். இன்று லகாட்டிலும் பத்து காஜாவிலும் இருப்பவர்கள்கூட அந்த நள்ளிரவுக்காக விழித்திருக்கிறார்கள். அது முடிந்தால் ஆண்டிறுதி விற்பனை, பிறகு சீனப் புத்தாண்டு, அடுத்து நோன்புப் பெருநாள்.

இந்த நாள்களில் யாராவது இணையத்தில் பணத்தைப் பறிகொடுத்தால் நம் வீடுகளில் முதலில் என்ன சொல்கிறோம்? "பேராசை பெருநஷ்டம்." அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்தத் தீர்ப்பு தவறானது, ஆபத்தானதும்கூட என்பதே என் கருத்து. மனித மனம் விலையை எப்படி எடைபோடுகிறது என்று ஆராய்ந்தவர்கள் கண்டவற்றைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

கோடு போட்ட விலை

ஒரு சேலையின் படத்தைக் கற்பனை செய்யுங்கள். கீழே 259 வெள்ளி என்று எழுதி, அதன் குறுக்கே கோடு போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 89 வெள்ளி. அந்தச் சேலை எந்தக் கடையிலாவது, எந்த நாளிலாவது 259 வெள்ளிக்கு விற்றதா என்று உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் 89 வெள்ளி மலிவு என்று மனம் முடிவு செய்துவிடுகிறது.

1974இல் ஆமோஸ் டிவெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 'சயின்ஸ்' ஆய்விதழில் எழுதிய கட்டுரையில் இதற்கு விளக்கம் கிடைக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று அவர்கள் கேட்டார்கள். கேட்பதற்கு முன்னால், எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்களின் மதிப்பீடு நடுத்தரமாக 25 விழுக்காடு. 65இல் நின்றதைப் பார்த்தவர்களின் மதிப்பீடு 45 விழுக்காடு. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது அனைவருக்கும் தெரியும். இருந்தும் முதலில் கண்ணில் பட்ட எண் மனத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. சரியாகச் சொன்னால் பணம் தருகிறோம் என்று சொன்னபோதும் அந்த ஈர்ப்பு குறையவில்லை.

இதை நங்கூர விளைவு என்பார்கள். படகை நங்கூரம் பிடித்து வைப்பதுபோல் முதல் எண் நம் மதிப்பீட்டைப் பிடித்து வைக்கிறது. கோடு போட்ட 259 வெள்ளி அப்படியொரு நங்கூரம்தான். இதில் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. இதே துறையில் செய்த பணிக்காக கானமனுக்கு 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

விலையின் கடைசி எண்ணும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவில் எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமெஸ்டர் என்ற ஆய்வாளர்கள் ஒரே உடையை அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்களில் 34, 39, 44 டாலர் என மூன்று விலைகளில் போட்டுப் பார்த்தார்கள். 2003இல் வெளியான அந்த ஆய்வில் அதிகம் விற்றது 39 டாலர் உடைதான். அதைவிட மலிவான 34 டாலர் உடையை மக்கள் அவ்வளவாக வாங்கவில்லை. நம் நாட்டுக் கதை இன்னும் வேடிக்கையானது. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை அருகில் உள்ள 5 சென்னுக்குச் சரிசெய்யப்படுகிறது. 19.99 வெள்ளிப் பொருள் ஒன்றை வாங்கினால் கல்லாவில் நீங்கள் கொடுப்பது 20 வெள்ளி. திரும்பக் கிடைக்காத அந்த ஒரு சென் இன்னும் விலைச்சீட்டில் இருப்பது உங்கள் கண்ணுக்காகத்தான்.

ஓடும் கடிகாரம்

நங்கூரத்துக்கு அடுத்த கருவி அவசரம். "இன்னும் 2 மட்டுமே உள்ளன", "சலுகை முடிய 09 நிமிடம் 41 நொடி" போன்ற அறிவிப்புகளைச் சொல்கிறேன்.

1975இல் ஸ்டீபன் வோர்செலும் அவருடைய சக ஆய்வாளர்களும் மாணவிகள் சிலரிடம் பிஸ்கட் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த சாடியில் பத்து பிஸ்கட்டுகள் இருந்தன, மற்றவர்களுக்குக் கொடுத்ததில் இரண்டே இரண்டு. இரண்டில் ஒன்றை எடுத்தவர்கள் அதற்குக் கூடுதல் விலை தரலாம், மறுபடியும் வேண்டும் என்றார்கள். சுவை மட்டும் கூடிவிடவில்லை. குறைவாக இருப்பது பொருளின் தரத்தை மாற்றுவதில்லை. நம் ஆசையை மட்டும் மாற்றுகிறது.

கடையில் அடுக்கை எட்டிப் பார்த்தால் சரக்கு இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துவிடும். திரையில் அது முடியாது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அருணேஷ் மாத்தூர் தலைமையிலான குழு 11,000 வணிக இணையத்தளங்களைக் கணினி நிரல் கொண்டு ஆராய்ந்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டது. வாங்குவோரை ஏதாவது ஒரு வகையில் திசைதிருப்பும் உத்திகள் 1,818 இடங்களில் கிடைத்தன. சில தளங்களில் கடிகாரம் பூஜ்ஜியத்தைத் தொட்ட பிறகும் அதே சலுகை தொடர்ந்தது. வேறு சில தளங்களில் "இத்தனைதான் மிச்சம்" என்ற எண், கிடங்கில் உள்ள சரக்கைப் பார்த்துச் சொன்னதே அல்ல. கணினி தோராயமாக உருவாக்கிய எண் அது.

இவையெல்லாம் கடை நடத்துவோர் செய்த வேலைகள், திருடர்கள் செய்தவை அல்ல. திருடர்கள் இந்தக் கருவிகளை அப்படியே எடுத்துக்கொண்டு இன்னும் ஓர் அடி முன்னே வைக்கிறார்கள். பண்டிகைக் காலம் அவர்களுக்கு ஏற்றது. ஊரில் எல்லாரும் மலிவு விலை அறிவித்துக் கொண்டிருக்கும்போது போலி அறிவிப்பு தனியாகத் தெரியாது.

மலேசியாவில் விரித்த வலை

ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஈசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2022 ஏப்ரலில் நம் நாட்டைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டது. எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்து நடந்த மோசடி அது. வீடு சுத்தம் செய்யும் சேவைகள், செல்லப்பிராணிக் கடை ஆகியவற்றின் பெயரில் போலி இணையத்தளங்கள் முளைத்தன. முகநூல் விளம்பரம் வழியாக ஆட்களைக் கூப்பிட்டார்கள்.

அந்தத் தளத்தில் நேரடியாக எதையும் வாங்க முடியாது. செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்று கூகுள் பிளேயின் படத்தைப் போட்டிருந்தார்கள். அதைத் தொட்டால் கூகுள் பிளே திறக்காது, திருடர்களின் கணினியிலிருந்து ஏபிகே கோப்பு ஒன்று இறங்கும். செயலியில் பொருளைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டப் போனால், நாம் தினமும் பார்க்கும் எஃப்பிஎக்ஸ் பக்கம் போலவே ஒன்று வரும். வங்கியைத் தேர்ந்தெடுத்துப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தவுடன், "தவறு, மீண்டும் முயலுங்கள்" என்று பதில் வரும். அதற்குள் விவரங்கள் போய்ச் சேர்ந்திருக்கும். வங்கி அனுப்பும் குறுஞ்செய்திக் குறியீடு மட்டும் என்ன பாதுகாப்பு? கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகள் அனைத்தையும் அந்தச் செயலியே திருடர்களுக்கு அனுப்பிவிடும்.

பண்டிகைக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் தேடிய ஒருவர் இதில் மாட்டியிருந்தால், அவருடைய பேராசை எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒரு மாதத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று நம்பி முதலீடு செய்பவர்களிடம் அதைத் தேடலாம். நியாயமான விலையில் ஒரு சேவையை நாடியவரிடம் தேடுவது வீண். அவர் ஏமாந்ததற்குக் காரணம், அந்தப் பக்கம் அவர் நம்பிப் பழகிய பக்கத்தைப் போலவே இருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்திக் குறியீட்டைக் கைவிட்டுப் பாதுகாப்பான வேறு முறைகளுக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது. தவறு பயன்படுத்தியவரிடம் மட்டும் இருந்திருந்தால் நாடு முழுவதும் முறையை மாற்ற வேண்டிய தேவை வந்திருக்காது.

வெட்கத்தின் விலை

பேராசைக்காரர் என்ற பட்டம் செய்யும் கேடு இங்கேதான் இருக்கிறது. பணம் போன பெண் கணவரிடம் சொல்லப் பயப்படுகிறார். பிள்ளைகள் திட்டுவார்கள் என்று தாத்தா வாயைத் திறப்பதில்லை. இரண்டு நாள், மூன்று நாள் கழிகிறது.

அந்த நாள்கள்தான் திருடனுக்கு வேண்டியவை. உங்கள் பணம் நேராக அவனிடம் போவதில்லை. முதலில் வாடகைக்கு எடுத்த இன்னொருவர் கணக்கில் விழும், அங்கிருந்து வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போகும். அது வெளியேறுவதற்குள் தடுத்தால்தான் மீட்க வாய்ப்பு உண்டு. அதற்காகவே காவல் துறையும் பேங்க் நெகாராவும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தைத் தொடங்கின. அதன் எண் 997. உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கும் அழைக்கலாம். பிறகு போலீஸ் புகார் செய்ய வேண்டும். இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. வெட்கத்தில் கழியும் ஓர் இரவு முழுத் தொகையையும் விழுங்கிவிடும்.

உங்கள் எண் முதலில் வரட்டும்

நங்கூரத்தை எதிர்க்க மன உறுதியை மட்டும் நம்பாதீர்கள். விற்பவர் எண்ணைக் காட்டுவதற்கு முன் உங்கள் எண் தயாராக இருக்கட்டும். தோட்டக் கடைகளில் கடன் எழுதிய 555 குறிப்புப் புத்தகம் நினைவிருக்கிறதா? அப்படி ஒன்றை வாங்கி, பண்டிகைக்குத் தேவையான பொருள்களையும் அவற்றின் இன்றைய விலையையும் இரண்டு மாதம் முன்பே எழுதி வையுங்கள். ஈப்போ லகாட் சாலையில் உள்ள லிட்டில் இந்தியாவுக்குப் போகும்போது சேலை என்ன விலை, இனிப்பு என்ன விலை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விற்பனை நாளில் கோடு போட்ட எண்ணைப் பார்க்க வேண்டாம். புத்தகத்தில் உள்ள எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கடிகாரம் ஓடினால் திரையை மூடுங்கள். மறுநாள் காலையிலும் அந்தப் பொருள் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். புலனத்திலோ முகநூலிலோ வரும் இணைப்பிலிருந்து எந்தச் செயலியையும் இறக்காதீர்கள். தளத்துக்கு வெளியே வந்து தனியார் கணக்கில் பணம் போடச் சொல்பவரிடம் வாங்காதீர்கள். கணக்கு எண்ணைக் காவல் துறையின் செமாக் மியூல் இணையத்தளத்தில் சரிபாருங்கள். ஆனால் அங்கே பெயர் இல்லை என்பதால் மட்டும் நல்லவர் என்று நம்பிவிட வேண்டாம். நேற்றுத் திறந்த கணக்கின்மீது இன்று புகார் இருக்காது.

முகவரி உள்ள வியாபாரி ஏமாற்றினால் வழி வேறு. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் விலையைப் பற்றித் தவறான எண்ணம் ஏற்படுத்துவதைக் குற்றம் என்கிறது. இணைய வியாபாரி தன் பெயர், தொடர்பு விவரம், முழு விலை ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில், 50,000 வெள்ளி வரையிலான இழப்புக்கு வழக்கறிஞர் இல்லாமலே மனுச் செய்யலாம். விளம்பரத்தையும் ரசீதையும் படம் பிடித்து வைத்திருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

சட்டம் இன்னும் ஓர் அடி முன்னே வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல், விலையைக் குறைத்ததாக அறிவிக்கும் வியாபாரி அதற்கு முந்தைய 30 நாள்களில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். இந்தியா 2023 நவம்பரில், போலி அவசரம் உள்ளிட்ட 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. கோடு போட்ட விலைக்கு ஆதாரம் கேட்கும் இப்படித் தெளிவான விதியை நம் அமைச்சும் இணையச் சந்தைகள்மீது கொண்டுவந்தால், நேர்மையாக விற்கும் சிறு கடைக்காரர்களும் பயன் பெறுவார்கள்.

சட்டம் வரும்வரை வீட்டில் செய்யக்கூடிய மாற்றம் ஒன்று உண்டு. இந்தத் தீபாவளிக்கு உங்கள் அக்காவோ அத்தையோ தயங்கித் தயங்கி, "பணம் போய்விட்டது" என்று சொன்னால், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று தொடங்காதீர்கள். "எப்போது போனது? 997க்கு அழைத்தாயா?" என்று கேளுங்கள். அழைக்கவில்லை என்றால் உங்கள் கைப்பேசியிலிருந்தே அழையுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.