மாடிப்படிக்கு அடியில் இருக்கும் டைல்ஸ்



வீடு கட்டிய எல்லோர் வீட்டிலும் கொஞ்சம் டைல்ஸ் மிச்சம் இருக்கும். பின்னால் ஒன்று உடைந்தால் அதே நிறத்தில் கிடைக்காது, பத்திரமாக வையுங்கள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவர் சொன்னது சரி. ஒரே கம்பெனி, ஒரே பெயர் என்றாலும் சூளையில் வேகும் ஒவ்வொரு தடவையும் நிறம் இழையளவு மாறிவிடும். ஆகவே சில முழு டைல்ஸைத் தொடாமல் வையுங்கள். முனை போனவை, வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள், கடைக்காரர் கொடுத்த சேம்பிள்கள் என்று மாடிப்படிக்கு அடியிலும் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்திலும் தூசி படிந்து கிடப்பவற்றை வெளியே எடுக்கச் சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம். டம்ளருக்கு அடியில் வைக்க அவற்றில் அருமையான கோஸ்டர் செய்யலாம்.

காபிக்குத்தான் டபரா இருக்கிறதே என்று தோன்றும். காபிக்கு அது போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீருக்கும், பானையில் குளிர்ந்த மோருக்கும் டபரா யாரும் வைப்பதில்லை. நம் கடலோர ஊர்களில் கோடைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்த டம்ளரும் வியர்க்கும். அந்த நீர் வழிந்து அடியில் வட்டமாகத் தேங்கும். பாலிஷ் போட்ட தேக்கு மேசையில் அது அப்படியே நின்றால், ஈரம் பாலிஷுக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்டு வெள்ளை வளையமாகத் தெரியும். மரம் கெட்டுவிட்டது என்று பலரும் பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கெட்டது மேலே உள்ள பாலிஷ் மட்டும்தான். சூடான பாத்திரம் வைத்தாலும் இதே வளையம் விழும்.

ஆக, கோஸ்டர் செய்யவேண்டிய வேலை இரண்டு. சூட்டைத் தாங்க வேண்டும், நீரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து ராபர்ட் ஸ்பூத் 1892இல் காப்புரிமை வாங்கிய பீர் அட்டை மரக்கூழால் ஆனது. சிந்துவதை உறிஞ்சிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். இன்று கடையில் பளபளவென்று விற்கும் பல கோஸ்டர்கள் இந்த இரண்டாவது வேலையை மறந்துவிட்டன. கண்ணாடி மெருகு ஏற்றிய டைல்ஸும் அப்படித்தான். நீர் மேலேயே நிற்கும், கோஸ்டர் ஈர டம்ளரின் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே எழும்பி வரும், பாதி வழியில் விட்டுவிடும். விழுவது கண்ணாடி மேசை மேல் என்றால் சேதம் பெரிது.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. டைல்ஸைத் திருப்பிப் போட்டு, பின்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உடனே உள்ளே போய்விட்டால் அது சுவருக்கான செராமிக். அதன் உடம்பு தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நீர் குடிக்கும். சொட்டு அப்படியே முத்தாக நின்றால் விட்ரிஃபைடு. அது அரை சதவீதம்கூடக் குடிக்காது. இரண்டிலும் கோஸ்டர் செய்யலாம். ஆனால் வெட்டுவதற்கும் ஓரம் தேய்ப்பதற்கும் சுவர் டைல்ஸ்தான் இணங்கி வரும்.

என் மனதுக்கு மிகப் பிடித்தது இந்த இரண்டுமே இல்லை, தட்டோடு. பழைய வீடுகளின் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அதன்மேல் பதித்திருப்பார்களே, அந்தச் சிவப்பு ஓடு. வெறும் களிமண்ணைச் சுட்டது, மேலே மெருகு கிடையாது. ஐஸ் தண்ணீர் டம்ளரை அதன்மேல் வைத்துப் பாருங்கள். வழிந்த நீர் கண்ணெதிரே காணாமல் போகும், டம்ளரும் ஒட்டாது. பெரிய ஓட்டை நான்காக அறுத்தால் கைக்கு அடக்கமாக நான்கு கோஸ்டர் வந்துவிடும். மாடி வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரியிடம் கேட்டால், உடைந்ததென்று ஓரமாக ஒதுக்கியவற்றிலிருந்தே நல்ல துண்டுகள் கிடைக்கும்.

தட்டோட்டுக்கு வண்ணம் பூசுகிறவர்கள் முழுவதும் பூசிவிடாதீர்கள். அக்ரிலிக் வண்ணம் ஓட்டின் வாயை அடைத்துவிடும், பிறகு அது நீர் குடிக்காது. ஓரத்தில் காவியும் வெள்ளையுமாக ஒரு கரை மட்டும் இழுத்து, டம்ளர் உட்காரும் நடுப்பகுதியை வெறுமையாக விடுவதுதான் அழகு, உபயோகமும் அதுதான். குடித்த நீர் அடிவழியே மேசைக்கு இறங்கிவிடாமல் இருக்க, அடிப்பக்கத்துக்கு மட்டும் இரண்டு கை வார்னிஷ் அடித்து உலரவிட்டு, அப்புறம் கார்க் ஒட்டுங்கள். காபிக் கறை படியத்தான் செய்யும். சோப்பு போடாமல் வெந்நீரில் ஊறவைத்துப் பிரஷால் தேய்த்து வெயிலில் காயவைத்தால் பெரும்பகுதி போய்விடும்.

வெட்டுகிற வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கட்டர் மெஷினில் உலர்ந்த டைல்ஸை அறுக்கும்போது கிளம்பும் வெள்ளைப் புழுதியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கிவிடும், திரும்பி வராது. வீட்டில் டைல்ஸ் வேலை நடக்கும்போதே மேஸ்திரியிடம் நான்கு அங்குலச் சதுரமாக வெட்டித் தரச் சொல்லுங்கள், தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், முகக்கவசமும் கொடுங்கள். அவர் தினமும் இந்தப் புழுதியில் நிற்கிறவர். வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, மெருகு உள்ள பக்கத்திலிருந்து கீழ்நோக்கி மட்டும் தேய்க்க வேண்டும். மேல்நோக்கித் தேய்த்தால் மெருகு பொரிந்து உதிரும்.

இனி அலங்காரம். இணையத்திலும் கைவினை வகுப்புகளிலும் சொல்லித்தருவது பெரும்பாலும் படம் ஒட்டும் முறை. அழகான காகிதத்தை வெள்ளைப் பசையால் ஒட்டி, மேலேயும் அதையே பூசுவது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பசை பாலிவினைல் அசிடேட். நம் ஊர் வெயிலுக்கே இளகத் தொடங்கும் ரகம், நீர் பட்டாலும் வெளுத்து ஊறும். அதன்மேல் காபி டம்ளரை வைத்துவிட்டு எடுத்தால் படம் டம்ளரோடு வந்துவிடும். நீர் புகாத வார்னிஷ் மேலே கட்டாயம் வேண்டும், அதுவும் குளிர்பானத்துக்கு மட்டும். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படம் பசையின் ஈரத்திலேயே கரையும், லேசர் பிரிண்ட் கரையாது. கண்ணாடி போல ஊற்றும் எபாக்சி ரெசினுக்கும் சூட்டில் இளகும் குறை உண்டு. சாதாரணக் கைவினை ரெசின் பலவும் 50, 60 டிகிரியிலேயே இளகி, டம்ளரின் அடித்தடத்தை அப்படியே பதித்துக்கொள்ளும். நம் வீட்டு ஃபில்டர் காபி அதைவிடச் சூடாகத்தான் வரும். சூடான காபி குடிக்கும் வீட்டுக்கு ரெசின் கோஸ்டர் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

சூடு தாங்க வேண்டுமென்றால் பீங்கானுக்கென்றே விற்கும் வண்ணமோ பேனாவோ வாங்கி, வரைந்து, ஓடிஜி அடுப்பில் சுட்டு இறுக்குவதுதான் வழி. முதலில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். வரைந்த பிறகு ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஓடிஜி சூடேறிய பிறகு உள்ளே வைத்தால் டைல்ஸ் வெடித்துவிடக்கூடும். குளிர்ந்த ஓடிஜியில் வைத்து, அதோடு சேர்ந்தே சூடேற விட வேண்டும். பல வண்ணங்களுக்கு 150 டிகிரியில் சுமார் 35 நிமிடம். இருந்தாலும் புட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள். அணைத்த பிறகு கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள்.

என்ன வரைவது? பூவும் பட்டாம்பூச்சியும் எல்லாக் கடையிலும் இருக்கின்றன. உங்கள் வீட்டுக் கோல நோட்டு எந்தக் கடையிலும் இல்லை. அம்மாவோ பாட்டியோ மார்கழிக்கென்று புள்ளி வைத்துச் சேர்த்த பழைய கணக்கு நோட்டைத் தேடி எடுங்கள். பத்து சென்டிமீட்டர் டைல்ஸில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, ஐந்து புள்ளி ஐந்து வரிசை நேர்ப்புள்ளி வைத்தால், வெளிச்சுற்று வளைவுக்கும் இடம் மிஞ்சி அளவாக உட்காரும். பளபளப்பில் பென்சில் பிடிக்காது என்பதால் கார்பன் தாளை வைத்துப் புள்ளிகளை மட்டும் அழுத்திக்கொள்ளுங்கள். இழையைக் கையால்தான் இழுக்க வேண்டும். தரையில் குனிய முடியாத வயதில் இருக்கும் பெரியவர்கள் மேசையில் உட்கார்ந்து இதைச் செய்யலாம். கை நடுங்கி ஒரு வளைவு சற்றுக் கோணினாலும் அது அவர்கள் கோலம். அதைத் திருத்த வேண்டாம்.

அழகான டைல்ஸ் என்றதும் செட்டிநாடு நினைவுக்கு வராமல் இருக்காது. ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்ததல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துவது. அந்த மினுமினுப்பு கண்ணாடித் தகட்டிலிருந்து வந்தது. உடைந்த ஆத்தங்குடிக் கல்லிலும் கோஸ்டர் செய்யலாம், கனம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் இன்னொன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த ஆறு அங்குல மஜோலிகா டைல்ஸ். மயிலும் பூச்சாடியும் மட்டுமல்ல, இந்தியச் சந்தைக்கென்றே நம் தெய்வங்களையும் புடைப்பாகச் செய்து அனுப்பினார்கள். வீடுகளை இடிக்கும்போது அவை கழன்று காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. அவற்றை வாங்கிக் கோஸ்டராக்க வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். அந்தக் கால மஜோலிகா மெருகில் ஈயம் சேர்த்தார்கள். அறுத்தாலும் தேய்த்தாலும் அந்தப் புழுதி வீட்டுக்கு ஆகாது. அதைவிட, அப்படி ஒன்றை இனி யாரும் செய்யப்போவதில்லை. சுவரில் இருப்பது சுவரிலேயே இருக்கட்டும். கழன்று வந்தது சட்டம் போட்டு மாட்டப்படட்டும்.

அடியில் ஒட்டுவதற்குக் கார்க் தாளோ கம்பளித் துணியோ போதும். மிச்சமிருக்கும் பிவிசி விரிப்பை வெட்டி ஒட்டாதீர்கள். அதிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை நாளடைவில் மேசைப் பாலிஷைப் பிசுபிசுக்க வைத்துவிடும்.

நவராத்திரி வருகிறது. கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு என்ன வைத்துக் கொடுப்பது என்ற பேச்சு இப்போதே வீடுகளில் தொடங்கியிருக்கும். ஒவ்வொரு வருஷமும் பிளாஸ்டிக் டப்பாக்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் எங்கே போகின்றன என்று நமக்குத் தெரியும். இந்த முறை ஒரு ஜோடி கோலக் கோஸ்டர் கொடுங்களேன். இப்போது தொடங்கினால், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பிள்ளைகள் புள்ளி வைக்க, பெரியவர்கள் இழை இழுக்க, சுலபமாகத் தேவையானது சேர்ந்துவிடும்.

செய்தவற்றைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கோல நோட்டின் அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படமெடுங்கள். இழுத்தவர் யார், அவர் யாரிடம் கற்றார், எந்த ஊர் வழக்கம் என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்